பத்தொன்பது டிகிரிப் பெட்டி

என் கையை வெட்டிப் போட்டாலும் தகும். இருபத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் மனிதச் செல்களை வளர்த்த கை அது. செல்லை வளர்க்கும் வெப்பப்பெட்டி மனிதச் செல்லுக்கு முப்பத்தேழு டிகிரி, மீன் செல்லுக்குப் பத்தொன்பது. மீன் செல்லை முப்பத்தேழில் வைத்தால் விடிவதற்குள் செத்துவிடும். பெர்கனில் இந்த மீன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஆறு வருஷமாகிறது. இங்கே இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில்தான், ஒரு தடவையும் மாறியதில்லை. பாழாய்ப்போன அந்தத் திங்கட்கிழமை மாறிவிட்டது.

அது என் தம்பி ஹல்வார்டின் மீன். அவன் ஃபியோர்டில், மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்நீரில், கூண்டு கட்டி சால்மன் மீன் வளர்க்கிறவன். போன வருஷம் அவனுடைய பதினொரு மீன்களின் செவுளிலிருந்து துணுக்கு எடுத்து வந்தேன். ஒன்றே ஒன்றுதான் குப்பியில் பிடித்து வளர்ந்தது. சால்மனைக் கொல்லும் ரத்தசோகை வைரஸ் செல்லுக்குள் நுழைய ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவு என்று நாங்கள் சந்தேகப்பட்ட மரபணுவை அதில் வெட்டி எடுத்தோம். வெட்டியதில் ஒற்றைச் செல் பிழைத்தது. எட்டு மாதத்தில் அது ஒரு குப்பி நிறையப் பெருகியது. வெட்டாத மூலச் செல்கள் நடுவில் பூஞ்சை பிடித்துப் போயின. அந்த வார வெள்ளிக்கிழமை கொஞ்சத்தை உறையவைத்துவிட்டு, மிச்சத்தின்மேல் வைரஸை விட்டுப் பார்ப்பதாக இருந்தோம்.

திங்கட்கிழமை, குப்பிக்குப் புது ஊட்டநீர் மாற்றிக்கொண்டிருந்தபோது ஹல்வார்ட் கூப்பிட்டான்.

"அக்கா, வந்துருச்சு."

"என்னடா வந்துருச்சு?"

"அதே சீக்குதான். எல்லாக் கூண்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நல்லா இருக்கிறதையும் சேர்த்து. உன்கிட்ட இருக்கிறது நல்லாத்தானே இருக்கு?"

"கையிலதான்டா வச்சிருக்கேன். ஜம்முனு இருக்கு."

"எதிர்க்கரை ஸ்டெய்னார் வளர்க்கிற ட்ரவுட் மீனுக்கு ஒண்ணும் ஆகலையாம். ஊறுகாய்க்குக்கூட ஆகாத மீனு, அதுக்கு ஆயுசு கெட்டி பாரு!" சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. என் தம்பி அழுது நான் கேட்டது அன்றுதான்.

போனை வைத்தேன். குப்பியைப் பெட்டிக்குள் வைத்தேன். எந்தப் பெட்டி என்று கை பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் செல்களெல்லாம் அடியைவிட்டுக் கழன்று, உருண்டு மிதந்துகொண்டிருந்தன. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி ஒட்னியிடம் போய் நின்றேன்.

"எந்தப் பெட்டியில இருந்துச்சு?" என்றாள்.

சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "எட்டு மாசம்" என்றாள். அப்புறம், "சரி, உள்ளதை உள்ளபடி எழுது. பழியை மரபணுவை வெட்டினது மேல போட்டுடாதே" என்றாள். அப்படியே எழுதினேன். அவள் திட்டியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை ஹல்வார்ட் படகேறி வந்து நின்றான். அன்று காலைதான் கடைசிக் கூண்டு காலியானதாம். மழைச்சட்டையிலிருந்து சொட்டச் சொட்ட, "எங்கே என் பிள்ளை? காட்டு" என்றான். வரும்போது வாஃபிள் கேக் வேறு வாங்கி வந்திருந்தான், ஏதோ பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவன் மாதிரி.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. பத்தொன்பது டிகிரிப் பெட்டியைத் திறந்து, கைக்குக் கிடைத்த வேறு ஒரு குப்பியை நுண்ணோக்கியின் கீழே வைத்தேன். செல்லுக்குச் செல் வித்தியாசம் இவனுக்கு என்ன தெரியப்போகிறது?

குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க. என்ன சாப்பிடும்?"

"கன்னுக்குட்டி ரத்தத்துல எடுத்த சீரம்."

"அடேங்கப்பா, எங்க வீட்டுல இருந்திருந்தா இந்த ராஜபோகம் கிடைச்சிருக்குமா?" குப்பியின் ஓரத்தை விரலால் தொட்டான். "நல்லா இருங்க" என்றான்.

காப்பி குடித்தோம். வாஃபிள் என் தட்டில் அப்படியே இருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று மழைச்சட்டையை மூடினான்.

"ட்ரவுட்டும் நல்ல மீனுதான், அக்கா."

குப்பியின் பக்கவாட்டில் நானே 'ட்ரவுட்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய சீட்டு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மன்னிச்சுக்கடா. பெட்டி மாத்தி வச்சுட்டேன். என் கைதான்."

"என்னைக்கு?"

"திங்கக்கிழமை."

அவன் முகம் மாறியது. "நான் கூப்பிட்டேனே, அன்னைக்கா? கையில வச்சிருக்கேன்னு சொன்னியே."

தன் போனால்தான் என்று அவன் நினைத்துவிடுவானோ என்று பயந்துதான் அத்தனையும் மறைத்தேன்.

"அது வேற குப்பிடா. உன்னோடதை அன்னைக்குக் காலையிலயே கெடுத்துட்டேன், நீ கூப்பிடுறதுக்கு ரொம்ப முன்னாடி. போன்ல சொல்லத் தைரியம் வரலை."

அவன் என்னையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கினான். ஒரே நாளில் அவனிடம் இரண்டு பொய் சொல்லியிருந்தேன். முதலாவதை அவன் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாவதையாவது அவன் நம்பியிருந்தால் போதும்.