எந்தக் கால்

…சாக்ஸைத் திருப்பிப் போட்டுவிட்டோமோ, குதிகால் வரவேண்டிய இடம் பாதத்துக்கு மேலே உப்பிக்கொண்டு நின்றதே, ஷூவுக்குள் போனபிறகு யாருக்குத் தெரியப்போகிறது, ஆனால் ஓடினால் உறுத்துமே, உறுத்தினால் சொல்வாளா... சொல்ல மாட்டாள், அதுதான் வம்பு. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சலாஹுதீன், மச்சானிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டரை ஒரு காலால் தாங்கிக்கொண்டு பக்கக் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்த மகளின் சிவப்புக் குல்லாயில் பாதிதான் தெரிந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினான், இப்போது ஒரு காதும் துளி கன்னமும். கிளம்பும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று சொன்னான், பிடித்துக்கொண்டாள், அவன் இடுப்பை அல்ல, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை. எதைப் பிடிக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை, அதுவும் சரிதான். பாசஞ்சர் ரயில் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்துபோனது, ஜன்னலோரத்தில் ஒருத்தி தலைக்கு முக்காடு போட்டுப் பனியிலிருந்து காதை மறைத்துக்கொண்டிருந்தாள், தை மாதம் பிறந்து இத்தனை நாளாகியும் குளிர் விடவில்லையே, இந்தக் குளிரையெல்லாம் ஷார்ஜாவில் எத்தனை தடவை நினைத்து ஏங்கியிருக்கிறான், இப்போது பல் கிட்டுகிறது. நாற்பத்தைந்து நாள் லீவில் முப்பத்துநான்கு போய்விட்டது. மிச்சம் பதினொன்று, அதில் ஞாயிற்றுக்கிழமை இரண்டே இரண்டு, ஒன்று இது.

கேட் திறந்ததும் கும்பகோணம் சாலையில் ஏறினான். முன்னால் ஓர் அறுவடை இயந்திரம் சாலையையே தன் பேரில் எழுதி வாங்கியதுபோல் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது, ஒதுங்கி வழிவிடும் வரை அதன் பின்னாலேயே ஊர்ந்தான், வைக்கோல் தூசி மூக்கில் ஏறியது, பின்னால் அனீஸா ஒரு தும்மல் தும்மினாள், அல்ஹம்துலில்லாஹ் என்று தனக்குத்தானே மெல்லச் சொல்லிக்கொண்டாள், அந்தக் குரலைக் கேட்டு அவனுக்கு மனசு இளகிவிட்டது. இந்தக் குரல்தானே போனில் மணிக்கணக்காக வாயடித்தது, பூனை குட்டி போட்டது, டீச்சர் வளையல் உடைந்தது, அம்மா குழம்பில் உப்புப் போட மறந்தது, எல்லாம் சொல்லும், அத்தா அத்தா என்று நூறு தடவை கூப்பிடும். வீட்டுக்கு வந்து இறங்கியதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. நான்காம் நாள் அவன் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில் போன் அடித்தது, மனைவி ஷமீராவின் நம்பர், அடுக்களையில் இருப்பவள் எதற்குப் போன் செய்கிறாள் என்று எடுத்தால் திரையில் அனீஸா, உள் அறையில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அத்தா என்ன பண்றீங்க, சாப்டீங்களா என்று கேட்டாள். பத்தடி தூரம். அவனும் இங்கிருந்தே போனில் பேசினான், வேறென்ன செய்வது, சிரிப்பு வந்தது. ஆறு வருஷத்தில் அவன் அவளோடு இருந்ததை எல்லாம் கூட்டினால் அஞ்சு மாசம் தேறுமா, அதுவும் முதல் தடவை வந்தபோது அவளுக்குப் பல்லே முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பந்து உதைக்கிறாளாம் என்று ஷமீரா சொன்ன அன்றைக்கே பந்துப் பயிற்சியில் சேர்ப்பதென்று முடிவுசெய்துவிட்டான். பொம்பளப் புள்ளையா என்று மாமியார் முனகியதைக் காதில் வாங்கவில்லை. நீங்க போனப்புறம் யாரு கூட்டிட்டுப் போறது என்று ஷமீரா கேட்டாள், அப்புறம் அவளே, நான்தான், வேற யாரு, என்று பதிலும் சொல்லிக்கொண்டாள். பொம்மையும் கவுனும் எந்த அத்தா வேண்டுமானாலும் வாங்கி அனுப்பலாம், அவனிடமே இருந்தது ஒன்று, அவன் உடம்போடு இருந்தது, அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் ஆசை.

பாபநாசத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பனி இன்னும் தரையைவிட்டு எழவில்லை. பதினைந்து இருபது பிள்ளைகள், அதில் பெண்பிள்ளைகள் இரண்டு பேர், ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தான்... அஸார்தானா இது, அந்த ஒல்லிக்குச்சி அஸாருக்கு இப்படி ஒரு தொப்பையா, ஒரே டீமில் ஏழு வருஷம் சேர்ந்து ஆடியவன், இவன் விமானம் ஏறினான், அவன் இங்கேயே தங்கி விளையாட்டு வாத்தியார் ஆகி, ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். வா மாப்ள என்று கட்டிக்கொண்டான், முதுகில் ஓங்கித் தட்டினான், ஷார்ஜா சோறு ஒனக்கும் நல்லாத்தான் ஒத்துக்கிச்சு என்றான். குழந்தையின் கன்னத்தைத் தொட்டான், பேர் கேட்டான், அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு நோட்டைத் திறந்துகொண்டு, பேர், வயசு, ரத்த வகை என்று வரிசையாகக் கேட்டான், ரத்த வகையெல்லாம் ஷமீரா சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள், இவன் தப்பித்தான். அப்புறம்தான் அஸார் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

“பாப்பா எந்தக் கால்?”

எந்தக் கால்... சீட்டில் அது இல்லை. ஷமீராவுக்குப் போன் போட்டுக் கேட்கலாமா, அஸார் என்ன நினைப்பான், பெத்தவனுக்குத் தெரியாதா என்று நினைக்க மாட்டானா, குழந்தையையே கேட்டிருக்கலாம், பக்கத்தில்தான் நிற்கிறாள், ஆனால் மகளைப் பார்த்து நீ எந்தக் கால் என்று கேட்கும் தகப்பன் எவன். சாப்பிடுவது வலது கை, போனில் ஏ பி சி டி எழுதிக் காட்டியது வலது கை. “வலதுதான்” என்றான், நல்ல கணீரென்று. அனீஸா நிமிர்ந்து ஒருமுறை அவனைப் பார்த்தாள். அஸார் எழுதிக்கொண்டான், வலதுகால்காரர்கள் நிற்கும் வரிசையில் அவளைக் கொண்டுபோய் விட்டான். சொல்லி முடித்த பிறகு இவனுக்குச் சின்னதாக ஓர் ஏமாற்றம், தன் வாயாலேயே வலது என்று சொல்லிவிட்டோமே என்று.

ஏனென்றால் அவன் இடதுகால்காரன். நொட்டாங்கால் சலா என்றால் அன்றைக்குத் திருவையாறு வரைக்கும் தெரியும். சின்ன வயதில் இடது கையால் சோற்றைத் தொட்டால் அம்மா அகப்பைக் காம்பால் மணிக்கட்டில் ஒன்று வைப்பாள், பள்ளிக்கூடத்தில் இடது கையில் பலப்பம் பிடித்தால் வாத்தியார் பிடுங்கி வலது கையில் திணிப்பார், ஆக கை இரண்டையும் ஊர் கூடித் திருத்திவிட்டது, காலை மட்டும் எவரும் கவனிக்கவில்லை, அது அதுபாட்டுக்கு இடதாகவே வளர்ந்தது. அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு, அறுத்த தாள் குத்தக் குத்த, எதிராளிகள் வலப்பக்கம் காத்து நிற்பார்கள், இவன் இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போவான். கும்பகோணத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டம்... மழை தூறி நின்ற மைதானம், அஸார் நடுவிலிருந்து தள்ளிவிட்ட பந்து, ஓரக் கோட்டிலிருந்து இவன் அடித்தது வளைந்து போய் உள்ளே விழுந்தது, அந்தச் சத்தம், நனைந்த பந்து வலையில் மோதும் சத்தம், எத்தனையோ ராத்திரி ஷார்ஜா கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து படுத்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கியிருக்கிறான். அடுத்த மாதம் பாஸ்போர்ட் வந்தது. இருபத்தொரு வயசு. அதன் பிறகு அந்தக் கால் பந்தைத் தொட்டதே இல்லை. கிடங்கில் கதவைச் சாத்துவதற்கு மட்டும் உதவுகிறது.

விசில் அடித்தது. ஒவ்வொரு பிள்ளையாக ஓடிவந்து பந்தை உதைத்துக் கூம்புகளுக்கு நடுவே விட வேண்டும். அனீஸாவின் முறை வந்தபோது இவன் போனை எடுத்து வீடியோவில் வைத்துக்கொண்டான், ஷமீரா கேட்டிருந்தாள், தவிர அவனுக்கும் மகளைத் திரையில் பார்த்துத்தான் பழக்கம். ஓடிவந்தாள், நின்றாள், காலை மாற்றினாள், வலது காலை நீட்டினாள், பந்து நாலு அடி உருண்டு நின்றது. பரவாயில்லை, முதல் தடவைதானே. இரண்டாவது தடவை பந்தே நகரவில்லை, பந்தின் மேல் கால் வைத்து வழுக்கி உட்கார்ந்துவிட்டாள், முன்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஷூ பெரிசு, ஒரு அளவு கூட்டி வாங்கி முனையில் பஞ்சு அடைத்தோமே, அதுதான் காரணம், இல்லை, அந்தச் சாக்ஸ், இல்லை, பனியில் புல் வழுக்குகிறது, அஸார் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நின்று சொல்லித்தரக் கூடாதா, பழைய சிநேகிதன் பிள்ளை என்ற அக்கறை வேண்டாமா... மூன்றாவது, நான்காவது. அவள் அழவில்லை, திரும்பி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள், ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி ஓடிவந்து, அதே இடத்தில் காலை மாற்றிக்கொண்டு, அதே மாதிரி தோற்றாள். வருத்தமாக இருந்தது அவனுக்கு, வெளியே சொல்ல முடியாத ஒரு வெட்கமும்கூட, அந்த வெட்கத்தை நினைத்து அதைவிட வெட்கம். இவளுக்கு இது வரவில்லை, அவ்வளவுதான், வராததில் என்ன குடி முழுகிப்போகிறது, ஷமீரா போல் தையல் வரலாம், கணக்கு வரலாம். போனை அணைத்துப் பையில் போட்டான்.

தண்ணீர் குடிக்க விட்டார்கள். பிள்ளைகள் பையைத் தேடி ஓடினார்கள், அனீஸா வேப்பமரத்தடியில் தனியாக நின்று பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். யாரோ உதைத்த பந்து ஒன்று அவளை நோக்கி உருண்டு வந்தது. அவள் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கக்கூட இல்லை, இடது காலைத் தூக்கி உள்ளங்காலால் பந்தை அமுக்கினாள், நிறுத்தினாள், அப்புறம் அதே காலின் உட்பக்கத்தால் ஒரு தள்ளு. பந்து பதினைந்து அடி தூரத்தில் நின்ற இன்னொரு பெண்ணின் காலடிக்கு, பிசகாமல், நேரே போனது. சலாஹுதீன் அந்தக் காலையே பார்த்தான். என் கால், யா அல்லாஹ், அது என் கால், நான் ஊரில் இல்லாதபோதும், ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்காதபோதும், எப்படி வந்து இவளிடம் உட்கார்ந்துகொண்டது... சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, அஸாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல, கும்பகோணம் வரைக்கும் கத்திச் சொல்ல வேண்டும் போல. கிட்டத்தட்ட ஓடித்தான் போனான். அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தான்.

“இந்தக் கால்லயா கண்ணு நீ அடிப்ப?”

அவள் இடது காலை மெல்ல வலது காலுக்குப் பின்னால் கொண்டுபோனாள். “தெரியாம அடிச்சிட்டேன்த்தா.”

“தப்பில்லடா தங்கம், நல்லா அடிச்ச. அப்ப அங்க ஏன் வலதுல அடிச்ச?”

“நீங்கதானே வலதுன்னு சொன்னீங்க.”

குற்றம் சொல்லவில்லை. மழை பெய்தது, நனைந்தேன் என்பதுபோலச் சொன்னாள். அவனுக்குத்தான் எங்கோ சுருக்கென்றது, எங்கே என்று தேடினால் ஒரு டப்பா நிறைய கலர் பென்சில். அவனுடைய அத்தாவும் சவூதியில்தானே இருந்தார், ஊருக்கு ஆள் வரும்போது கேசட்டில் பேசி அனுப்புவார், டேப்ரிகார்டரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள், சலா நல்லாப் படம் வரைவான்ல, அவனுக்குப் பென்சில் அனுப்பியிருக்கேன் என்பார் அந்தக் குரலில். அவன் படமே வரைந்தது கிடையாது, வரைகிறவள் அக்கா ஆயிஷா. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பென்சில் வந்தது, ஒவ்வொரு தடவையும் ஆயிஷா கிளி வரைந்தாள், கீழே இவன் தன் பேரை எழுதி அத்தாவுக்கு அனுப்பிவைத்தான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர் அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறார், அதைப் பொய்யாக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான், அப்போது அவனுக்கு எட்டு வயது. அத்தா மவுத்தாகி அடக்கம் செய்யும் வரைக்கும் அவருக்குத் தெரியாது. இவளுக்கு ஆறு. அப்படியென்றால் இவள் போனில் ஆசை ஆசையாகக் கடித்துக் காட்டுகிற, அவன் அனுப்பிய அந்த ஸ்ட்ராபெரி பிஸ்கட்... ரோஸ் கலர்தான் உனக்குப் பிடிக்கும் என்று அவன் சொல்லப்போய் அலமாரி முழுக்க ரோஸ்... எதையெல்லாம் இப்படி வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்தோம், ஞாபகமே இல்லையே.

எழுந்துபோய் அஸாரிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன், அவள் இடதுகால் என்றான். அஸார் சிரித்தான், ஒம் புள்ள வலதுன்னு நீ சொன்னப்பவே எனக்கு நம்பிக்கை இல்ல மாப்ள என்றான், நோட்டில் அடித்து எழுதினான், அந்தப் பக்க வரிசைக்கு வரச் சொன்னான். சலாஹுதீன் திரும்பி வந்து அவள் சாக்ஸைக் கழற்றி, சரியாகப் போட்டு, ஷூவின் நாடாவை இறுக்கினான். ஒன்றைக் கேட்டுவிட வேண்டும், இன்றைக்கே, இங்கேயே, பதினோரு நாள் கழித்துப் போனில் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவனுக்கு இப்போது நன்றாகவே தெரியும். முகத்தில் எந்த ஆசையும் தெரியாதபடி வைத்துக்கொள்ளப் பார்த்தான், முடிந்ததா என்று தெரியவில்லை.

“இந்த வெளையாட்டு ஒனக்குப் புடிச்சிருக்கா?”

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், மறுபடி கண்ணைப் பார்த்தாள், கவனமாக.

“உங்களுக்கு?” என்றாள்.

ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது, இத்தனை வருஷமும் சேர்த்துவைத்த ஆமாம். சொன்னால் போதும், இனி வருகிற ஞாயிறெல்லாம் ஷமீராவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள், அவன் அடுத்த லீவு வரும் வரைக்கும், உறுத்தினாலும் சொல்லாமல். இல்லை என்றால் இந்த இடத்திலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றத் தொடங்குவாள், அதுவும் நிச்சயம். எதைச் சொன்னாலும் அது அவள் பதிலாகிவிடும். அப்படியானால் அவளுடைய சொந்தப் பதில் எங்கே இருக்கிறது, இருக்கிறதா, அதை எப்படிக் கேட்பது... அஸார் இரண்டாவது தடவையாக விசில் ஊதினான். மற்ற பிள்ளைகளெல்லாம் ஓடிவிட்டார்கள். அனீஸா மட்டும் போகாமல், அத்தா சொல்லப்போவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.