வாழைத்தண்டுக்கு ஒரு கல்லறை

என் புருஷன் தியோபிலோவைப் புதைத்து மூன்று வருடம் ஆகிறது. ஆள் தினமும் என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறான்.

எங்கள் நெக்ரோஸ் தீவின் மலையில் வெண்மலைச் சபையை விட்டு விலகினால் அதுதான் கதி. பெட்டிக்குள் ஒரு வாழைத்தண்டை வைத்து, பேர் எழுதிய சிலுவை நட்டுப் புதைத்துவிடுவார்கள். பிறகு சபையில் யாரும் நம்மைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. என்னையும் புதைத்தார்கள். எனக்கு வைத்த தண்டு அழுகல் என்று கேள்வி. அதிலும் கஞ்சத்தனம்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் மகளைப் "பேய் பெத்த பிள்ளை" என்றார்கள். தியோபிலோவால் அதைப் பொறுக்க முடியவில்லை. இறந்தோர் தினத்தன்று, எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, போய்த் தன் சிலுவையைப் பிடுங்கினான். கட்டையால் அடித்தார்கள். முதல் அடி கூடப்பிறந்த அண்ணன் ரொமுவால்டோ போட்டது. காது கிழிந்து தொங்கியது. பட்டப்பகலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில்.

"அடுத்த தடவை வீட்டோட கொளுத்துவோம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

போலீஸ்காரர் விசாரித்தபோது ரொமுவால்டோ சிரித்தான். "செத்தவனை எப்படி சார் அடிக்கிறது?"

ஒருத்தரும் எதையும் பார்க்கவில்லையாம். என் மாமியார் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். அவளும் தரையைப் பார்த்தபடி, "என் சின்னவன் செத்து மூணு வருஷமாச்சுங்க" என்றாள்.

"உங்களைத் தவிர ஒரே ஒருத்தர் பார்த்தேன்னு சொன்னாப் போதும்மா. அவனை உள்ளே தள்ளிடுவேன். இல்லாட்டி என் கையில ஒண்ணுமில்ல" என்றார் போலீஸ்காரர்.

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. எங்களோடு பேசத்தான் சபையில் தடை; கல்லறையோடு பேசத் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் மாமியார் அங்கேதான் வருவாள். போலீஸ்காரரைக் கூட்டிப்போய் மதிலுக்குப் பின்னால் நிறுத்தினேன். தியோபிலோவும் காதில் கட்டோடு நின்றான்.

வந்தாள். சாய்ந்திருந்த சிலுவையை நிமிர்த்தினாள். மெழுகுவத்தி ஏற்றினாள்.

"காது வலிக்குதாடா? கொய்யா இலையைக் கொதிக்க வெச்சுக் கழுவு. உங்கண்ணன் கட்டையை ஓங்கினதும் கண்ணை மூடப் போனேன். அதுக்குள்ள முதல் அடியைப் பார்த்துட்டேன்டா."

நான் போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "கேட்டுச்சா?"

மாமியார் சிலுவையிடம் தொடர்ந்தாள்: "அவன்தான்டா எனக்குச் சோளக் கஞ்சி ஊத்துறான். அவனை ஜெயில்ல வெச்சா நான் எங்க போவேன்? செத்தவன் செத்த மாதிரிக் கிடக்கக் கூடாதா?"

போலீஸ்காரர் அவள் முன்னால் போய் நின்றார். "பாட்டி, இப்ப சொன்னதை என்கிட்ட சொல்லுங்க. யார் அடிச்சது?"

"யாரை?" என்றாள். எங்களைத் தாண்டி, ஒரு தடவைகூடத் தலை தூக்காமல் நடந்து போய்விட்டாள்.

"குழிகிட்ட சொன்னது செல்லாதும்மா" என்று அவரும் வண்டியைக் கிளப்பினார்.

மெழுகுவத்திக்குப் பக்கத்தில் ஒரு கட்டு கொய்யா இலை இருந்தது. "இவளும் ஒரு தாயா! தூ!" என்று அதைத் தூக்கி எறியப் போனேன்.

தியோபிலோ என் கையைப் பிடித்தான். "குடுடி. என் பேர் போட்ட இடத்துலதானே வெச்சிருக்கா. எனக்குத்தான்."

வீட்டுக்கு வந்து இலையை அடுப்பில் ஏற்றினேன். அது கொதிப்பதற்குள் வாளி, குடம், அண்டா என்று இருந்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்து வாசலில் வைத்தேன். கூரை எரிந்தால் அணைக்க எங்களைத் தவிர யாரும் வரப்போவதில்லை.