காலி வீட்டுக்கு எதற்கு வெளிச்சம்

என் வீட்டுக்காரர் சொன்ன கணிப்பு ஒன்றுகூட அதுவரை பலித்ததில்லை. அதனால்தான் அவருக்கு ஜோசியர் என்று பெயர். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அடுத்தவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மட்டும் மிதிக்கும் தொழில். நாளெல்லாம் சேர்ந்த பயம் எங்காவது இறங்க வேண்டுமே! சனிக்கிழமை மாலைகளில் எங்கள் படுக்கையறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, புதிதாக வந்த அனிமேஷன் தொடர்களைப் பற்றி நேரலையில் பேசுவார். கூட இன்னொருவர் தன் வீட்டிலிருந்தே பேசுவார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர். யார் சாவார்கள், யார் துரோகி என்று இவர் அடித்துச் சொல்வார், அடுத்த வாரமே கதை வேறு பக்கம் திரும்பிவிடும். கணிப்பு தவறினால் பார்வையாளர்கள் எழுதும் கேலியை அவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது அந்த நிகழ்ச்சியின் சட்டம். பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த வருஷம் அவர்கள் வாராவாரம் அலசிக்கொண்டிருந்த தொடருக்கு வண்ணம் தீட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.

தடித்த நாவல் ஒன்றிலிருந்து எடுத்த தொடர் அது. ஒரு துறைமுக ஊர், அங்கே கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண், கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் அண்ணன். நாவலில் அண்ணன் பாதியிலேயே மூழ்கிச் செத்துவிடுவான். தொடரில் முடிவை மாற்றியிருந்தார்கள். கடைசிப் பகுதி வந்து எல்லோரும் பார்த்துவிட்டதால் இப்போது சொல்லலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். வீடுகள், தெருக்கள், வானம் என்று பின்னணிகளுக்கு நிறம் கொடுப்பது என் வேலை. பல வருஷம் சோப்பு உறைகளுக்கும் பற்பசை விளம்பரங்களுக்கும் கலர் அடித்து, கண் பூத்த பிறகு கிடைத்த நாற்காலி. அதில் உட்காரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் திமிர் வரும். வரட்டுமே, என்ன இப்போது?

எங்கள் பிரிவின் தலைவியிடம் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டேன், என் வீட்டுக்காரர் இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார் என்று. அந்த அம்மாள் சிரித்தார். “அவர் எல்லாத்தையும் தப்பாச் சொல்றாரே, அதுதான் உங்க வேலைக்குக் காவல். அப்படியே இருக்கச் சொல்லுங்க,” என்றார். பிறகு, நான் சொல்லப்போகும் சனிக்கிழமைக்கு ஒரு மாதம் முன்னால், வேறு பிரிவிலிருந்து ஒரு படம் வெளியே கசிந்துவிட்டது. இரண்டு பேரை மதியச் சாப்பாட்டுக்குள் வெளியே அனுப்பினார்கள். அதன் பிறகு எந்த ஸ்டூடியோவும் அவர்களைச் சேர்க்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று தலைவி எங்களைப் பொதுவாகப் பார்த்துச் சொன்னபோது, அவர் கண் என் மேல் ஒரு நொடி கூடுதலாக நின்றது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

என் வீட்டுக்காரர் எந்தக் கணிப்பையும் முதலில் என்னிடம்தான் சொல்வார். நான் சிரிப்பேன். நடிப்பு இல்லை, நிஜமாகவே சிரிப்பு வரும். விளக்குக்காரிக்கு இரட்டைப் பிறவி இருக்கிறாள் என்றார். சிரித்தேன். துறைமுக அதிகாரிதான் அவள் அப்பா என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். நான் சிரித்தாலும் அவர் அதைத்தான் மாலையில் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பம்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

“நாவல்ல அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு எதிர்வீடு பூட்டிக் கிடக்குதுன்னுதான் எழுதியிருக்கு. ஆனா தொடர்ல அவ விளக்கேத்தறப்பல்லாம் அந்த வீட்டு மாடி ஜன்னல்ல மங்கலா ஒரு மஞ்சள் தெரியுது. காலி வீட்டுக்கு எதுக்கு வெளிச்சம்? அண்ணன் சாகல. எதிர்லயே ஒளிஞ்சு இருந்து தங்கச்சியைப் பார்த்துக்கிட்டிருக்கான்.”

சிரிக்க வேண்டும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். சிரிப்பு வரவில்லை. அந்த ஜன்னலைத் தீட்டியவளே நான்தான். கவனித்தவர்களுக்கு மட்டும் படவேண்டும், மற்றவர்கள் கண்ணில் நழுவிவிட வேண்டும் என்று சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

“சட்டை கருகப்போகுது,” என்றேன்.

இஸ்திரிப் பெட்டி ஓரமாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ சிரிக்கல,” என்றார்.

குழாயைத் திறந்து, கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினேன். பின்னால் அவர் மெதுவாகச் சீட்டியடிப்பது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. அலுவலகத்துக்குப் போகும் பேருந்தில் கைபேசியைத் திறந்தால், நிகழ்ச்சிப் பக்கத்தில் அவர் போட்டிருந்தார்: ‘இன்று மாலை ஏழு மணி. தொடரின் முடிவு என் கையில்.’ கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள்.

வேலையில் கை ஓடவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நிறுத்திவிடுவார், அது எனக்குத் தெரியும். ஆனால் எந்த வார்த்தையைச் சொல்வது? சொல்லாதீர்கள் என்றால், அது சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கதையைப் பற்றி வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தப்பு என்று பொய் சொன்னால், தப்புதானே என்று தாராளமாகப் போய்ச் சொல்லிவிடுவார். பேசாமல் இருந்தாலோ, காலையில் பேசாமல் இருந்ததுதானே வினையாகிப் போனது! இருதலைக் கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறேன். அதற்காவது இரண்டே பக்கம்தான், எனக்கு மூன்று பக்கமும் நெருப்பு.

தானாகவே கண்டுபிடித்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வேறு எங்காவது போய்ச் சொல் என்பார்கள். ஒரு கணிப்பும் பலிக்காத ஆள், பெண்டாட்டி அந்த வேலையில் இருக்கும்போது, முடிவை மட்டும் அப்படியே சொல்கிறார் என்றால் நானே நம்ப மாட்டேன்.

‘தலை வலிக்குது. இன்னிக்கு நிகழ்ச்சி வேண்டாமே’ என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். ‘மாத்திரை போடு. ஏழு மணிக்குள்ள சரியாயிடும்’ என்று பதில் வந்தது. மதியத்துக்கு மேல் தலைவி என் பின்னால் வந்து நின்றார். “உங்க வீட்டுக்காரர் முடிவையே சொல்லப்போறாராமே?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கே கேட்கச் சகிக்காத சிரிப்பு. அவர் போகாமல் என் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீடு வந்தபோது அவர் குளித்து, அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வந்ததும் வராததுமாகச் செருப்பை ஏன் இங்கே விட்டீர்கள் என்று சண்டை பிடித்தேன். அவர் செருப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“நீ எதுவும் சொல்லல. நானா பார்த்து நானா கண்டுபிடிச்சேன். அதுல உனக்கு என்ன வந்துச்சு?” என்றார்.

நான் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

“தப்புன்னா தப்புன்னு சொல்லு. நானும் எப்பவும்போலச் சொல்லிட்டுச் சிரிப்பு வாங்கிக்கிறேன்.”

“உங்க நிகழ்ச்சியைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்,” என்றேன். “அந்த நாற்காலிக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “எத்தனை வருஷமா எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்னு நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஒரே ஒரு தடவை சரியாச் சொல்லிட்டு உட்காரணும்னு இருக்காதா எனக்கு?” என்று கேட்டார்.

இருக்காதா என்ன? அவர் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன். உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் நிஜமாகவே உங்கள் இஷ்டம் என்ற அர்த்தத்தில் அதைச் சொன்னதில்லை. அது அவருக்கும் தெரியும். படுக்கையறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார்.

கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கைபேசியில் பார்த்தேன். அவர் எனக்காக எப்போதோ தொடங்கிக் கொடுத்த கணக்கு அது. ‘சும்மா பார்ப்பவள்’ என்று பெயர். இந்த வேலையில் சேர்ந்த பிறகு அதில் நான் ஒரு எழுத்துக்கூட எழுதியதில்லை. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். வக்கீல் கையைத் தேய்த்துக்கொண்டு, “ஜோசியரே, இழுக்காதீங்க. முடிவைச் சொல்லுங்க,” என்றார்.

“எதிர்வீடு இருக்குல்ல,” என்று இவர் ஆரம்பித்தார்.

போயிற்று என்று நினைத்தேன். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டேன்.

“அந்த எதிர்வீட்டுச் சுவர் மேல ஒரு பூனை உட்கார்ந்திருக்கும், பார்த்திருக்கீங்களா? அந்தப் பூனைதான் அண்ணன். செத்து, பூனையாப் பிறந்து வந்திருக்கான்.”

பிறகு கேலி கொட்டத் தொடங்கியது. அண்ணனுக்குப் பால் வையுங்கள் என்றார் ஒருவர். தங்கச்சி கல்யாணத்துக்கு மீன் வறுவல் உண்டா என்றார் இன்னொருவர். வக்கீல் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவரும் சேர்ந்து சிரித்தார். காதோரம் சிவந்திருந்தது. எனக்கு மூச்சு வந்தது. இந்த மனிதரையா நான் சந்தேகப்பட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் எழுதினார். வக்கீல் அதைச் சத்தமாகப் படித்தார்: “‘பூனை இருக்கட்டும், அந்த வீட்டு மாடி ஜன்னல்ல ஏன் மஞ்சளா வெளிச்சம் தெரியுது?’ நல்ல கேள்வியா இருக்கே. ஜோசியரே, அது காலி வீடாச்சே?”

என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. காலையில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். இன்னும் இரண்டு நொடி பேசாமல் இருந்தால் வக்கீல் பிடித்துக்கொள்வார்.

“அதுவா?” என்றார். “கலர் அடிச்சவங்க பண்ணின தப்பு. தூக்கக் கலக்கத்துல பக்கத்து வீட்டு மஞ்சளை இதுல இழுத்துவிட்டிருப்பாங்க. இந்தத் தொடர்ல அந்த வேலை கொஞ்சம் மட்டம்தான்.”

வக்கீலுக்கு அது பிடித்துப்போயிற்று. உடனே எல்லோரும் வண்ணம் தீட்டியவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறார்கள் என்றார்கள். வானத்தில் ஓரிடத்தில் திட்டு இருக்கிறது என்றார்கள். வக்கீல் கடையில் அவர்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்றார்கள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், புரியாமலில்லை. அறிவுக்குப் புரிந்தது. ஆனால் அந்த மஞ்சளுக்காக நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! அதிகமானால் கண்ணைக் குத்தியது, குறைந்தால் காணாமல் போனது. மனதுக்குப் பிடித்தபடி வந்ததும் தலைவி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அதைப் போய் மட்டம் என்றால்?

என் விரல்கள் என்னைக் கேட்கவில்லை. ‘அது தப்பில்லை. மூன்று முறை மஞ்சள் பூசி, அதன் மேல் நீலத்தை மெலிதாக ஓட்டினால்தான் அந்த மங்கல் வரும்’ என்று தட்டி, அனுப்பியும்விட்டேன். திரையில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அழிக்கப் போனால் அவசரத்தில் விரல் வேறு எதையோ தொட்டது.

“இங்க ஒருத்தங்க என்னமோ மூணு முறை மஞ்சள்னு...” என்று வக்கீல் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார்.

என் வீட்டுக்காரர் கை லேப்டாப்பை நோக்கிப் பாய்ந்தது. என் வரிகள் காணாமல் போயின.

“பெயிண்ட் கடை விளம்பரம். எடுத்துட்டேன்,” என்றார். குரலில் பிசிறில்லை. “அடுத்த வாரம் வரைக்கும் என்னத்துக்குக் காத்திருக்கணும், பூனைக் கேலியை இப்பவே படிச்சிடறேன்.” படித்தார். ஒன்று விடாமல், ஏற்ற இறக்கத்தோடு, தன்னைத்தானே மியாவ் என்று கூப்பிட்டுக்கொண்டு படித்தார். ஜன்னலை எல்லோரும் மறக்கும் வரைக்கும் படித்தார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. யாராவது பார்த்திருப்பார்களா என்று கேட்டேன். ஒருவர் இருவர் பார்த்திருக்கலாம் என்றார். திங்கட்கிழமை தலைவி என்னைத் தாண்டிப்போகும்போது பூனை எப்படி இருக்கிறது என்று சிரித்தபடி கேட்டுவிட்டுப் போகும்வரை, என் வேலை தப்பியது என்று எனக்கு நிச்சயமாகவில்லை.

“நான் என் வாயை மூடிக்கிட்டேன். உன்னால கையை மூட முடியலையா?” என்றார் என் வீட்டுக்காரர். திட்டத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது திட்டாக இல்லை. நான் அழுதுவிட்டேன். மட்டம் என்று சொன்னீர்களே என்றேன். வேறு எதுவும் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தார். முடிவு சரிதானா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். அவர் கேட்கவில்லை.

“மூணு தடவையா பூசினே?” என்றார்.

தலையாட்டினேன்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு. காலையிலேயே அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்.”