அணைத்த பிறகும் ஓடும் விசிறி

தாமோதரனுக்கு எந்தச் சுவிட்சும் சும்மா போட்டபடி கிடந்தால் பொறுக்காது. டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் போதாது. சுவரிலும் அணைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி, மிக்சி, செல்போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். கல்பாக்கம் குடியிருப்பில் அவர் வீட்டில் பாதிச் சண்டைகள் சுவிட்சிலிருந்துதான் கிளம்பும்.

அந்த வருஷம் வாங்கிய ஓவன் இந்தச் சட்டத்துக்கு அடங்கவில்லை. கேக் வெந்து பீப் என்று சத்தம் கொடுத்த பிறகும் உள்ளே ஒரு விசிறி உஸ்ஸென்று ஓடிக்கொண்டே இருக்கும். "வேலைதான் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு ஓடுது? கரண்ட் தண்டம்" என்று எங்கிருந்தாலும் எழுந்து வந்து சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார். மனுஷர் வேலை பார்ப்பது அணு உலைகளைக் குளிர்விக்கும் ஏற்பாடுகளைக் கவனிக்கிற பிரிவில். ஆபீஸ் மூளையை ஆபீஸிலேயே பூட்டி வைத்துவிட்டு வருகிற ஜாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் பாதி வேகும்போதே ஓவனிலிருந்து கருகல் வாடை வந்தது. விசிறிச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓவனும் செத்துப்போனது. அவர் மனைவி வசுமதியிடம் கேக் செய்யக் கற்றுக்கொள்ள எதிர் வீட்டு ரோகிணி வந்திருந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பூங்கொடி அந்த இரண்டு வீட்டிலும் வேலை செய்கிறவள்.

தாமோதரன் ஓவனை ஒரு சுற்று பார்த்தார். பிறகு பூங்கொடியைப் பார்த்தார்.

"ஈரத்துணியால துடைச்சியா?"

"இல்ல சார். காஞ்ச துணிதான். அம்மா சொல்லிகீறாங்கல்ல."

"அப்ப தண்ணி தானா உள்ள போச்சா? கெடுத்ததும் இல்லாம பொய் வேற."

பூங்கொடி கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். வேலையை முடித்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. நல்லவேளை தன் வீட்டுச் சாமான்கள் தப்பித்தன என்று ரோகிணியும் அவளை நிறுத்திவிட்டாள்.

"அவ பொய் சொல்ற பொண்ணு இல்லீங்க" என்றாள் வசுமதி.

"நீ சும்மா இரு" என்றார் தாமோதரன். தீர்ப்பு சொன்னவருக்கு மேல்முறையீடு பிடிக்கவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் ஸ்க்ரூடிரைவரோடு அவரே உட்கார்ந்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே தண்ணீர் பட்ட சுவடில்லை; ஒரு பொட்டுத் துரு கிடையாது. விசிறியின் பிளாஸ்டிக் இதழ்கள் மட்டும் சூட்டில் இளகி வளைந்து, பக்கத்துத் தகட்டில் உரசி நின்றிருந்தன. விரலால் சுற்றினால் நகரவில்லை. எப்படி இவ்வளவு சூடு என்று அவருக்குப் பிடிபடவில்லை. சென்னையிலிருந்து புது விசிறி வாங்கி வந்து மாட்டி, ஒரு தட்டு ரஸ்கைச் சுட்டுப் பார்த்தார்.

பீப் சத்தம் கேட்டது. கை பழக்கத்தில் போய்ச் சுவிட்சைத் தட்டியது. ஓடிக்கொண்டிருந்த விசிறி நின்றது.

சுவிட்சின் மேல் வைத்த விரலை அவர் எடுக்கவில்லை. ஓவனின் தலையில் இன்னொரு கையை வைத்தார். சூடு ஏறிக்கொண்டிருந்தது. வருஷாவருஷம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் அவர் சொல்வது ஞாபகம் வந்தது: உலையை நிறுத்தினா சூடும் நின்னுடும்னு நினைக்கிறவன் இப்பவே வீட்டுக்குக் கிளம்பலாம். அணைச்ச பிறகுதான் குளிர வைக்கிற வேலையே இருக்கு. பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள்.

விசிறியை இளக்கியது தன் விரல்தான் என்று தாமோதரனுக்குப் புரிந்தது. வசுமதி பார்த்துவிட்டாளா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தார். அவள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள்.

அன்று மாலையே ஸ்கூட்டரில் பூங்கொடி குடியிருக்கும் சதுரங்கப்பட்டினம் போனார். 'தப்பு என்னோடதும்மா' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். பூங்கொடி வாசலில் தண்ணீர்க் குடங்களோடு நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இன்னா சார், இவ்ளோ தூரம்?" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வழியெல்லாம் வந்த வார்த்தை அங்கே வரவில்லை.

"போனது போகட்டும் பூங்கொடி. நாங்க மனசுல வெச்சுக்கல. நாளையிலேர்ந்து வா."

அவள் ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சரி சார்" என்றாள்.

மன்னிப்புக் கேட்கப் போனவர் மன்னித்துவிட்டு வந்தார். திரும்பும் வழியில் அவருக்குத் தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஸ்கூட்டரைத் திருப்பவில்லை.

பூங்கொடி வந்தாள். ஓவன் இருக்கும் பக்கம் மட்டும் போகவில்லை. மேடையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் ஓவனுக்கு ஒரு சாண் முன்னால் துணியை நிறுத்திக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாமோதரன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்.

மறுபடி ஒரு ஞாயிறு வசுமதி கேக் வைத்தாள். பீப் சத்தம் கேட்டதும் பூங்கொடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து சுவர் சுவிட்சை அணைத்தாள்.

"சார் செய்யறத பாத்துகினுதான் இருந்தேன். இனிமே நானே அணைச்சுடறேன்மா. திரும்ப கெட்டுப் பூட்டா என் தலைலதான் வுழும்."

விசிறி நின்றது. தாமோதரன் பேப்பரை மடித்தார். பேசாமல் இருந்தால் புது விசிறியும் போகும், பழி மறுபடி அவள் மேலேயே விழும். பேசினால் எல்லாம் வெளியே வரும். எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டார். விசிறி அசையவில்லை; நடுவில் கரண்ட் போனால் அது தானாகத் திரும்ப ஓடாது.

"அணைக்காத பூங்கொடி. விசிறி ஓடி, சூடு தணிஞ்சு, தானா நிக்கணும். நடுவுல அணைச்சா சூடு உள்ளயே தங்கி அதைக் கெடுத்துடும்."

"நீங்கதான சார் தெனிக்கும் அணைப்பீங்க?"

"ஆமா."

அவள் அவரைப் பார்த்தாள். "அப்ப அன்னிக்கு?"

"நான்தான் கெடுத்தேன். தண்ணியே உள்ள போகல."

கேக் வெட்டப் போன வசுமதி கத்தியோடு நின்றுவிட்டாள்.

"எங்க வூட்டாண்ட வந்தீங்களே, அப்பவே தெரியுமா சார்?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"தெரியும்" என்றார்.

பூங்கொடி அழவில்லை, கத்தவும் இல்லை. "என்ட்ட சொல்லி இன்னா சார் ஆவும்? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே, நான் ஈரத்துணி போடலன்னு. எதிர் வூட்டம்மாவுக்குத்தான் தெரியாது."

தாமோதரன் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டார். படியிறங்கித் தெருவைக் கடந்தார். பூங்கொடி இரண்டடி பின்னால் வந்தாள். மணியை அழுத்தினார்.

ரோகிணி கதவைத் திறந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சார், மறுபடியும் எதையாவது உடைச்சுட்டாளா?"

"அவ இல்லம்மா" என்றார் தாமோதரன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொள்ளலாமா என்று நினைத்தார். தாழ்த்தவில்லை.