சிவப்புப் பலூனும் மூன்று நிமிடமும்

வெல்டன் நகரசபையில் யார் பேசினாலும் மூன்று நிமிடம்தான். பாதிரியாராக இருந்தாலும் சரி, கல்லூரித் தலைவராக இருந்தாலும் சரி. முதலில் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும், அப்புறம் சொல்ல வந்ததைச் சொல்லலாம். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் என் மேசையில் இருக்கும் பித்தளை மணியின் தலையில் ஒரு தட்டு தட்டுவேன். வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான்.

என் பெயர் ரோண்டா ஹல்வர்சன். இருபத்திரண்டு வருடமாக நான்தான் நகரசபை எழுத்தர். விஸ்கான்சினில் எங்கள் ஊர் அளவுக்கு வாயாடும் ஊர் இன்னொன்று இருக்க முடியாது. கல்லூரி இருக்கும் ஊர் இல்லையா? வேலையில் இருக்கும் பேராசிரியர்கள் வகுப்பில் பேசித் தீர்த்துவிடுவார்கள். ஓய்வு பெற்றவர்கள் எங்கே போவார்கள்? செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்களிடம்தான் வருவார்கள்.

அவர்களில் ராஜா, ஆரின் பெல்க்கி. வயது எழுபத்தெட்டு, நாற்பது வருடம் பாறையியல் நடத்தியவர். அணில்களைப் பற்றிப் பேசியிருக்கிறார், தெருவிளக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார், குப்பைத்தொட்டி மூடியின் நிறத்தைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறார். ஒருமுறைகூட மணிக்கு முன்னால் முடித்ததில்லை. பேசுகிறவர் தன் மிச்ச நேரத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று எங்கள் விதியில் இருக்கிறது. ஆரின் ஒரு நொடியைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கஞ்சன் கையிலிருந்து காசு வாங்கினாலும் வாங்கலாம்.

அப்படிப்பட்ட ஊரின் நடுவில், மூடிக்கிடந்த பழைய ஜவுளிக்கடை இருக்கும் இடத்தில், பன்னிரண்டு மாடிக் கட்டடம் கட்டுகிறேன் என்று மில்வாக்கியிலிருந்து ட்ராய் என்பவர் வந்தார். எங்கள் பிரதான தெருவில் மிக உயரமானது நான்கு மாடி. கேட்க வேண்டுமா? வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்த கதைதான். வீட்டு வாசல்தோறும் பலகை முளைத்தது. ‘வானத்தை விற்காதே’ என்று ஒரு வீட்டில். ‘எங்களுக்கும் படுக்க இடம் வேண்டும்’ என்று மாணவர்கள் இருக்கும் பக்கத்து வீட்டில். ஆரின் தன் வாசலில் மூன்று பலகை வைத்தார்.

எனக்குக் கருத்து இருக்கக்கூடாது. எழுத்தர் என்றால் சுவர் மாதிரி. ஆனால் சுவருக்கும் மனசு உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்தில் இருபது வீடுகள் இந்த ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கென்று குறைந்த வாடகைக்கு ஒதுக்குவதாகத் திட்டத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்தை ஊரில் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். நான் பதினோரு முறை படித்தேன்.

இந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பதா என்று நகரசபை ஓட்டெடுக்கப் போகும் செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை பலூன் விடுவது என்று முடிவானது. கட்டடம் வரப்போகும் இடத்திலிருந்து, அதே உயரத்துக்குக் கயிறு கட்டிப் பெரிய சிவப்புப் பலூன் ஒன்றை ஏற்றுவார்கள். அவரவர் வாசலில் நின்று, எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். நூற்று நாற்பது அடி. கயிற்றை அளந்து பார்த்துச் சாட்சியாக எழுதிவைப்பது என் வேலை.

காலை ஒன்பது மணிக்கே ஜவுளிக்கடையின் பின்பக்கம் திருவிழா. சனிக்கிழமைச் சந்தைக்கு வந்தவர்கள் பீச் பழக் கூடையோடும் சீஸ் பொட்டலத்தோடும் வந்து நின்றார்கள். மடக்கு நாற்காலி போட்டுக் காப்பி குடித்தார்கள். ஆரின் கழுத்தில் கேமராவும் கையில் கோணம் அளக்கும் கருவியுமாக வந்தார்.

“ஏம்மா ரோண்டா, கயித்த ஒழுங்கா அளந்தியா? இந்த மில்வாக்கிக்காரன் இருபது அடி முழுங்கிருவான்.”

“நானே அளந்தேன் புரொபசர். வேணும்னா நீங்க ஒருக்கா அளங்க.”

“நான் என் வீட்டு வராந்தால இருந்து அளக்கப்போறேன். கணக்குக்கு முன்னாடி எவனும் தப்ப முடியாது. நீயும் பாரேன், உன் பிர்ச் தெரு வீட்டுப் பின்வாசல்ல இருந்து பாத்தா இது கட்டைவிரல் மாதிரி நிக்கும். ஊர் மானமே போயிரும்.”

“பிர்ச் தெரு வீட்டுல நான் இல்லியே.”

“இல்லியா? எப்ப மாறின?”

“நாலு வருஷம் ஆச்சு. வீட்டு ஓனர் அதை ஃபுட்பால் பாக்க வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுறார். ஒவ்வொரு ரூம்லயும் மூணு கட்டில். நான் இப்ப கெண்ட்ரிக்ல இருக்கேன். டிராக்டர் ரிப்பேர் கடைக்கு மேல.”

“கெண்ட்ரிக்கா? முப்பது மைல் இருக்குமே!”

“முப்பத்தொண்ணு.”

அவர் காப்பிக் கோப்பையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “நாலு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல நீ.”

“ஊர்ல எல்லார்கிட்டயும் முகவரி கேக்குறவ நான். என்கிட்ட யாரு கேட்டா?” என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். அவர் தன் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். பாவம், அவரை ஏன் கடித்தேன் என்று எனக்கே சங்கடமாகப் போயிற்று.

பலூன் ஒன்பது ஐந்துக்கு மேலே போனது. ஒன்பதரைக்குக் காற்று பிடித்துக்கொண்டது. பலூன் குடித்தவன் மாதிரி ஆட ஆரம்பித்தது, கயிறு பிய்ந்து யார் தலையிலாவது விழப்போகிறது என்று ட்ராயின் ஆட்கள் பயந்தார்கள். ஒன்பது ஐம்பதுக்கு இறக்கிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ‘ஏற்றியது 9.05, இறக்கியது 9.50, காரணம் காற்று’ என்று எழுதி, நகரசபை வலைத்தளத்தில் போட்டேன். நான் அங்கே போடுவது எல்லாமே கிணற்றில் போட்ட கல்.

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிரம்பி, வெளிப் படிக்கட்டு வரை கூட்டம். அறுபத்து மூன்று பேர் பேசச் சீட்டு கொடுத்திருந்தார்கள். யாரோ செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு பக்கத்தவர்களும் ஒரே தட்டில் எடுத்துத் தின்றுகொண்டே ஒருவரையொருவர் முறைத்தார்கள். மாணவர் சங்கத்துப் பெண் டெஸ்ஸா, பேசுகிறவர்கள் கொண்டுவரும் படங்களைப் பெரிய திரையில் போட்டுக்காட்டும் வேலையை ஏற்றிருந்தாள். இரண்டு அறையில் ஐந்து பேர் தங்குகிறோம் என்று அவளே முதலில் பேசி, நான் மணி அடித்த பிறகுதான் போய் உட்கார்ந்தாள்.

ஆரின் இருபதாவது ஆள். மேடைக்கு வந்து, பெயரும் முகவரியும் சொல்லி, தொண்டையைக் கனைத்தார்.

“நூத்தி நாப்பது அடின்னு சொன்னாங்க. நான் என் வராந்தால நின்னு மூணு தடவை அளந்தேன். இருநூத்தி மூணு அடி! படத்தப் போடும்மா. சனிக்கிழமை, பதினொரு மணிக்கு எடுத்தது. இந்த ஊரை முட்டாளாக்கப் பாத்திருக்காங்க!”

கூட்டத்தில் பாதி கை தட்டியது. “நானும் பாத்தேன், எங்க சமையலறை ஜன்னலையே மறைச்சிருச்சு!” என்று ஒரு பெண் கத்தினாள். “எங்க நாய் குரைச்சுது!” என்றார் ஒருவர். ட்ராய் முகம் வெளுத்து, தன் ஆட்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பதினொரு மணியா? எனக்குச் சுருக்கென்றது. பத்து மணிக்கு முன்பே சுருட்டிய பலூனை இவர் எப்படிப் படம் பிடித்தார்? வாயைத் திறக்கக்கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டெஸ்ஸா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

“புரொபசர், பலூன்ல ஏதோ எழுதியிருக்கு.”

“என்ன எழுதியிருக்கு?”

“‘பர்ட் கார் கடை. பழைய ட்ரக் கொடுத்துப் புது ட்ரக் வாங்குங்க’ன்னு இருக்கு.”

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் கார் விற்கும் பர்ட் பின்வரிசையில்தான் இருந்தார். எழுந்து தொப்பியைக் கழற்றி, “விற்பனை மேளா ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துச்சு, யாரும் வரல!” என்றார். சமையலறை ஜன்னல் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பர்ட்டின் பலூனும் சிவப்புதான், ஆனால் அது ஊருக்கு வெளியே, எட்டாத உயரத்தில் பறந்தது. ஆரின் அதை ஊர் நடுவில் பறப்பதாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். பாறைக்காரர்கள் அப்படித்தான். பத்து லட்சம் வருடம் முன்னே பின்னே போனாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை.

நானும் சிரித்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்க மறந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஆனையும் சறுக்குவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? பார்த்தால், ஆரினும் சிரித்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க.

“எத்தனை பாக்கி ரோண்டா?” என்றார்.

“ஒரு நிமிஷம் இருபது நொடி.”

“அதை நான் விட்டுக்கொடுக்கறேன்.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தார்கள். இந்த வார்த்தையை இந்த வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

“யாருக்கு?” என்று மேயர் கிரெட்சன் கேட்டாள்.

“ரோண்டாவுக்கு.”

எனக்கு முகம் சுட்டது. “நான் எழுத்தர். பேசக்கூடாது. அதுவும் நான் இந்த ஊர்ல குடியிருக்கல” என்றேன்.

“இங்க குடியிருக்காதவங்க பேசணும்னா ஊர்க்காரர் யாராவது நேரம் கொடுக்கணும். விதி அதானே? நீ டைப் பண்ணினதுதானே?” என்றார் ஆரின். “நான் கொடுக்கறேன்.”

மேயர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் உதடு துடித்தது. “மணியை யாராவது வாங்கிக்கிட்டா, அந்த நேரத்துக்கு நீ எழுத்தர் இல்ல. யாரு வாங்கிக்கிறா?”

“நான்தான்!” என்று ஆரின் என் மேசைக்கு வந்தார். அந்த மணியை அவர் தொட்ட விதத்தைப் பார்க்க வேண்டுமே. குழந்தைக்குப் பொம்மை கிடைத்தாற்போல.

மேடை ஏறினேன்.

“ரோண்டா ஹல்வர்சன். கெண்ட்ரிக், மில் ரோடு, டிராக்டர் கடை மாடி” என்றேன். கூட்டத்தில் தலைகள் திரும்பின. “முதல்லயே சொல்லிர்றேன், இந்தக் கட்டடத்துல எனக்கு ஆசை இருக்கு. நாப்பத்தோராம் பக்கத்துல இருக்கிற இருபது வீட்டுல ஒண்ணுக்கு நானும் எழுதிப்போடப்போறேன். இந்த ஊர்ல யார் கல்யாணம் பண்ணினாலும், நாய் வளத்தாலும், கொட்டகை போட்டாலும், அந்தப் பேப்பர்ல என் கையெழுத்து இருக்கும். நீங்க அணிலப் பத்திச் சண்டை போட்டு முடிக்கிறப்ப பத்து மணி ஆயிரும். அப்புறம் நான் முப்பத்தொரு மைல் ஓட்டணும். பனி பெஞ்சாலும் ஓட்டணும். வானம் மறையும்கிறீங்க. மறையும்தான், பொய் சொல்லல. ஆனா எனக்கு உங்க சண்டை எல்லாம் பிடிக்கும். நீங்க எல்லாரும் எனக்குப் பிடிக்கும். ஒரு தடவையாவது கூட்டம் முடிஞ்சு நான் வீட்டுக்கு நடந்து—”

டிங்!

ஆரின் அடித்துவிட்டார். வாக்கியத்தின் நடுவில். முகமெல்லாம் பல்.

“நேரம் ஆச்சும்மா” என்றார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மீதிப் பேர் பேசி முடிக்க நாள் போதாமல், ஓட்டெடுப்பு அடுத்த வாரத்துக்குப் போனது. இரண்டு மாடியைக் குறைத்து, பத்து மாடிக்கு நகரசபை உறுப்பினர் நாலு பேர் ஆம் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். ஆரின் அன்றும் எதிர்த்துத்தான் பேசினார், மூன்று நிமிடம் முழுதாக. இரண்டு மாடி குறைந்தது தன் வெற்றி என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். முதல் கூட்டத்தோடு காணாமல்போனது மணிதான். எல்லா அலமாரியிலும் தேடிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதன் சத்தம் அவ்வளவு நன்றாக இல்லை.

இரண்டு வருடம் கழித்துச் சீட்டுக் குலுக்கலில் பதினேழாவதாக என் பெயர் வந்தது. ஏழாம் மாடி, கிழக்கு ஜன்னல். குடிவந்து மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. கோடைக்காலம், கூட்டம் அதிசயமாக ஏழரைக்கே முடிந்து வெளிச்சம் பாக்கி இருந்தது. உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது.

“ரோண்டா, எந்த ஜன்னல் உன்னுது? வராந்தால நிக்கறேன். எதையாவது ஆட்டிக் காட்டு.”

நான் குடிவந்ததற்குப் பர்ட் அனுப்பிய சிவப்புப் பலூன் ஒன்று இருந்தது. அதை ஜன்னலில் பிடித்தேன்.

“ஆங், தெரியுது. எழுபத்தெட்டு அடி. இந்தத் தடவை கணக்கு சரி. என் சூரிய அஸ்தமனத்த நாசம் பண்ணிட்டீங்களேம்மா!” அவர் குரலில் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. “அது கெடக்கட்டும். கூட்டம் முடிஞ்சு எப்படி வந்த?”

“நடந்தே வந்தேன் புரொபசர். ஆறு நிமிஷம். வழியில ஐஸ்கிரீம் வாங்கித் தின்னுக்கிட்டே. அன்னிக்கு நீங்க மட்டும் அந்த நேரத்த எனக்குக் கொடுக்கலைன்னா நான் இன்னும் அந்த ரோட்டுலதான்...” பலூன் கயிற்றை நாற்காலியில் சுற்றிக் கட்டினேன். “உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே எனக்கு...”

போனின் அந்தப் பக்கத்திலிருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சத்தம் கேட்டது.

டிங்!