நாலு மணி நேரத் தூரம்

என் அக்கா பிடித்த பிடியை விடுகிறவள் அல்ல. வெளிநாட்டில் இருக்கும் அவள் பெண்ணுக்குப் பிரசவத் தேதி நெருங்கிவிட்டது. துணைக்கு வா என்று அந்தப் பெண் தினமும் போனில் கெஞ்சுகிறாள். விசா கைக்கு வந்தும் அக்கா அசைந்து கொடுக்கவில்லை. விமான டிக்கெட் போடுவது என் பிழைப்பு என்பதால், சமாதானத் தூதும் என் தலையில் விழுந்தது.

சாயங்காலம் என் ஆபீசுக்கு வரவழைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மூணு வருஷமாச்சு. எட்டிப் பார்த்தாளா? எனக்கு ஆபரேஷன் நடந்தப்பகூட வரல. இப்ப மட்டும் அம்மா வேணுமாக்கும்."

"லீவு கிடைச்சிருக்காதுக்கா."

"நாலு மணி நேரத்துல வர்றதுக்கு எதுக்கு லீவு? சனிக்கிழமை வந்து, என் கையால சாப்பிட்டுட்டு, ஞாயித்துக்கிழமை திரும்பிடலாம்."

எந்த நாலு மணி நேரம் என்று கேட்டேன்.

"அவ கம்பெனி போட்ட டிக்கெட்டை நானே பார்த்தேன். காலைல பத்து மணிக்கு ஏறணும், மத்தியானம் ரெண்டு மணிக்கு இறங்கணும். எனக்குக் கணக்கு தெரியாதா என்ன?"

சிரிப்பு வந்தது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டா இத்தனை நாள் பெண்ணோடு மல்லுக்கு நின்றாள்? உண்மையைச் சொன்னால் கோபம் போகும், பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறவே பத்து தடவை யோசிக்கிறவள். ஆனாலும் மறைத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"அக்கா, அந்த ரெண்டு மணி அந்த ஊர்க் கடிகாரத்துல. அப்ப நமக்கு நடு ராத்திரி. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். எங்கயும் இறங்காம பதினாலு மணி நேரம் பறக்கணும்."

கம்ப்யூட்டரில் அந்த விமானத்தின் விவரத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெண்ணுக்குப் போன் போட்டாள். வழக்கம்போல ஸ்பீக்கரில்தான்.

"பதினாலு மணி நேரமாமே. ஏன்டி சொல்லல?"

"நாலு மணி நேரம்னு நீயா நினைச்சுக்கிட்டம்மா. நானும் விட்டுட்டேன். தூரம்னு தெரிஞ்சிருந்தா என்னைப் போக விட்டிருப்பியா?"

"போனதுக்கப்புறம் சொல்லியிருக்கலாமே. எவ்வளவு திட்டினேன்."

"சொன்னா ராத்திரியெல்லாம் தூங்காம பயந்துக்கிட்டு இருப்ப. அதுக்கு நீ என்னைத் திட்டிக்கிட்டே இருக்கறது எவ்வளவோ மேல்னு தோணிச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஆஸ்பத்திரியில பார்க்க வந்தவங்ககிட்டல்லாம் சொன்னேன்டி, பக்கத்துல இருந்தும் வரலன்னு" என்றாள்.

"பரவாயில்லம்மா. இப்ப நீ வருவியா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பயமாத்தான் இருக்கு" என்றாள். "நாளைக்கே சீட் இருக்கா பாரு."