இரண்டின் இடது தோளில் நான்கு

பதினேழாம் கேள்வியை நான் மொழிபெயர்த்தது ஆகஸ்டு பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பாட்டின் மேல் பழி போட வழியில்லை. தூக்கம் வரவில்லை. முழு விழிப்போடு, சிவப்பு மையில், அடிக்கோடிட்டுத்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

திருவனந்தபுரத்தில் எங்கள் கணித மன்றம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஒரு தேர்வு நடத்தும். தேறுகிற முப்பது பேருக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பத்து நாள் முகாம். கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதுபவர் சுவாமிதாஸ் சார். பாறசாலைக்காரர்; கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதை மலையாளமாக்க நான்கு பேர் கொண்ட குழு உண்டு, இரண்டு கூட்டம் உண்டு, கூட்டத்துக்கு வடை உண்டு. தமிழாக்க நான் ஒருவன். வடை கிடையாது.

கூட்டலைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெருக்கல். பெருக்கலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அடுக்கு. அந்த அடுக்கையே திரும்பத் திரும்ப ஏற்றினால் வருவதற்கு ஆங்கிலத்தில் டெட்ரேஷன் என்று பெயராம். மலையாளக் குழு 'டெட்ரேஷன்' என்றே மலையாள எழுத்தில் எழுதிவிட்டு வடையைத் தின்றது. எனக்கு மனம் ஒப்பவில்லை. 'மீயடுக்கு' என்று எழுதிப் பார்த்தேன். நெஞ்சுச்சளிக்குக் கொடுக்கும் டானிக் மாதிரி இருந்தது. 'அடுக்கடுக்கு' பாத்திரக்கடை. 'நாலாம் செயல்' என்றால் முதல் மூன்று செயல்களுக்கும் ஜாமீன் வாங்கியாயிற்றா என்று கேட்கத் தோன்றும். மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் சாலைக் கடைத்தெருவில் ஒருவர் சாக்குமேல் சாக்காகத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். ஓடையோரம் விழுந்து கிடக்கையில் பெயர் கிடைத்தது: சுமடேற்றம். தலைச்சுமைக்கு எங்கள் பக்கம் சுமடு என்றுதான் பெயர்.

கேள்வியை இப்படி எழுதினேன்: "ஒரே எண்ணை ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்குகளாய் ஏற்றுவது சுமடேற்றம். நான்கு இரண்டுகளைச் சுமடேற்றினால் வரும் மதிப்பு என்ன?"

இதுவரை பிழையில்லை. இதற்குக் கீழே குறியீடு. சார் ⁴2 என்று போட்டிருந்தார். அதாவது இரண்டுக்கு இடது தோளில் ஒரு குட்டி நான்கு. களியக்காவிளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எண்ணுக்கு ஒரே தோள்தான். அது வலது தோள். இடப்பக்கம் எதுவும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் வழுக்கிவிட்டது என்று நினைத்து அந்த நான்கைத் தூக்கி வலப்பக்கம் வைத்தேன். 2⁴. ஓரத்தில் சிவப்பில் ஒரு குறிப்பும்: "ஆசிரியரின் கவனக்குறைவு. சரிசெய்யப்பட்டது."

2⁴ என்றால் பதினாறு. நான்கு இரண்டுகளின் சுமடு வேறு. உச்சியில் இருக்கும் இரண்டு இரண்டுகள் சேர்ந்து நான்கு. அதற்குக் கீழுள்ள இரண்டின்மேல் அந்த நான்கை வைத்தால் பதினாறு. அடி இரண்டின்மேல் அந்தப் பதினாறை வைத்தால் அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. நான் இடம் மாற்றிய குட்டி நான்கின் எடை அவ்வளவு.

தமிழில் எழுதியவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் பதினாறு என்று எழுதியிருந்தார்கள். அஜிதா என்ற ஒரு பெண் மட்டும் 65536 என்று எழுதியிருந்தாள். சரியான விடை அதுதான். ஆகவே அவள்மேல் விசாரணை வைத்தார்கள்.

நவம்பர் எட்டு, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. தம்பானூரில் மன்றத்தின் மாடி அறை. மேசைக்குப் பின்னால் செயலாளர் ஜெயகுமார், சுவாமிதாஸ் சார், நான். எதிரே அஜிதா. அவள் பக்கத்தில் அப்பா லிங்கம். பொன்முடி மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். லிங்கம் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், தேநீர் கொடுத்தால் குடித்தார், வாயைத் திறக்கவில்லை.

ஜெயகுமார் நெய்யாற்றின்கரைக்காரர். தமிழ் பேசுவார், நடுவழியில் மலையாளத்துக்கு மாறிவிடுவார்.

"இதா நோக்கு, ராஜையன் சாரே," என்று வினாத்தாளை என் பக்கம் தள்ளினார். "பேப்பர்ல இருக்கது பதினாறு. இந்தக் குட்டி எழுதுனது அறுபத்தஞ்சாயிரம். அடுத்த பெஞ்சுல மலையாளம் பேப்பர். அந்தக் குட்டிக்கும் அறுபத்தஞ்சாயிரம். பின்னெ எந்து விசாரணை? காப்பி. மூணு வருஷம் டிபார். ஸ்கூலுக்கு ஒரு லெட்டர். தீர்ந்து."

"நான் காப்பி அடிக்கல சார்," என்றாள் அஜிதா.

"பின்னெ எப்படி வந்து? ஆகாசத்துலருந்து விழுந்தா?"

"வாக்கியத்தப் படிச்சேன் சார். அதுல சுமடுன்னு இருந்துச்சு."

"கீழே சிம்பல் இருந்ததே. அதப் பாக்கலியா?"

"பாத்தேன். அச்சுப்பிழைன்னு விட்டுட்டேன்."

ஜெயகுமார் கண்ணாடியைக் கழற்றினார். "அது பிழைன்னு நீ எங்ஙனெ தீருமானிச்சே?"

"தமிழ் மீடியம் சார். எங்க புத்தகத்துல பக்கத்துக்கு ரெண்டு பிழை இருக்கும். எது பிழைன்னு கண்டுபிடிக்கறதுதான் எங்களுக்குப் பாதிப் பாடம். வெறும் ரெண்டோட நாலாம் அடுக்குன்னா அது ஏழாங்கிளாஸ் கணக்கு. அதுக்கு சுமடு கிமடுன்னு இவ்வளவு பெரிய பேரு எதுக்கு வெக்கப் போறாங்க?"

சுவாமிதாஸ் சார் அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நாற்காலியை அஜிதா பக்கம் திருப்பினார். "மக்களே, அப்பிடின்னா இதைச் சொல்லு. மூணு மூணுகளைச் சுமடேத்துனா என்ன வரும்?"

ஜெயகுமார் உடனே கைப்பேசியை எடுத்தார். அஜிதா காகிதத்தில் ஏதோ எழுதினாள். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்தார்கள்.

"பத்தொம்பதாயிரத்து அறுநூத்து எம்பத்துமூணு," என்றார் ஜெயகுமார்.

"மூணு, அதுக்கு மேல இருபத்தேழு," என்றாள் அஜிதா. "பெருக்கணுமா சார்? பதிமூணு இலக்கம் வரும். பஸ்ஸுக்கு நேரமாயிரும்."

"கண்டோ? தெற்றிப் போயி. தப்பு," என்றார் ஜெயகுமார்.

"தெத்துனது உமக்காக்கும்," என்றார் சுவாமிதாஸ் சார். "அடியிலிருந்தா கணக்குப் போட்டீரு?"

"பின்னெ எங்கேருந்து போடுறது?"

சார் அஜிதாவைப் பார்த்தார். அவள் அப்பாவைக் காட்டினாள். "அப்பா கொழுந்துச் சாக்கு அடுக்குவாரு சார். ஒண்ணுமேல ஒண்ணா மூணு சாக்கு இருக்கு. அடிச்சாக்க மொதல்ல உருவுனா மேல இருக்கது தலையில விழுமே. மேலருந்துதான எறக்கணும்? சுமடுன்னு போட்டிருந்ததால கணக்கையும் மேலருந்து எறக்கினேன்."

எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம் எழுந்ததை மறைக்கப் போவதில்லை. வடை தின்ற குழுவின் சொல் மேலிருந்தா கீழிருந்தா என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லியிருக்காது. என் சொல் சொல்லியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை ஜெயகுமார் அரை நிமிஷத்துக்கு மேல் வைத்திருக்க விடவில்லை.

"சரி, குட்டிக்கு விவரம் உண்டு. சம்மதிச்சு," என்றார். "ஆனா வாக்கியம் ஒண்ணு சொல்லுது, சிம்பல் வேற சொல்லுது. இங்கிலீஷ்ல சார் போட்டது சரி. தமிழ்ல அது எங்கே மாறிச்சுன்னு யாருக்குத் தெரியும்? தமிழ்க் கையெழுத்துப் பிரதி ஆபீசுல காணல. டைப் பண்ணுன ரெம்யா தட்டினதாக்கும். அவ கான்ட்ராக்ட் ஸ்டாஃப், மாத்திரலாம். கொஸ்டின் கேன்சல், எல்லாருக்கும் ஒரு மார்க். காப்பிக் கேசுல 'நிரூபிக்கப்படவில்லை'ன்னு எழுதுவோம். குட்டிக்கு முகாமும் கிட்டும். எல்லார்க்கும் சந்தோஷம்."

எல்லாரிலும் அதிக சந்தோஷம் எனக்குத்தான். தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். ஆறிப்போயிருந்தது, நன்றாகத்தான் இருந்தது.

"எனக்கு அது வேண்டாம் சார்," என்றாள் அஜிதா.

"எந்து வேண்டாம்?"

"நிரூபிக்கப்படவில்லைன்னா, காப்பி அடிச்சா, ஆனா மாட்டலன்னுதான அர்த்தம்? எங்க ஸ்கூல்ல பதினொண்ணாம் கிளாஸ்ல நாங்க ஆறு பேரு. லயத்துல சுவத்துக்குச் சுவரு காது. சும்மா ஒரு மார்க் தரவேண்டாம். போட்டது சரின்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா முகாமுக்கு வேற யாரயாவது விளிச்சுக்கோங்க."

"மோளே, பிடிவாதம் பிடிக்காதே. தமிழ் ஒறிஜினல் இல்லாம நான் எங்ஙனெ எழுதறது?"

எந்தக் காகிதத்துக்கும் ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டு வைப்பது என் வழக்கம். அன்றைக்கும் கோப்பு மடியில்தான் இருந்தது. பதினேழாம் கேள்விக்கு அட்டை போட்டு ஒட்டுச்சீட்டுகூட வைத்திருந்தேன். எடுக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ரெம்யாவும் அங்கே இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மேசைமேல் இருந்த அந்த வினாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தொந்தரவாக இருந்தது. என்னைப் பார்த்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

கோப்பைத் திறந்து நகலை மேசைமேல் வைத்தேன்.

சுவாமிதாஸ் சார் படித்தார். வாக்கியம் வரிக்கு வரி அச்சில் இருந்ததேதான். கீழே அவருடைய ⁴2, அதன்மேல் என் சிவப்புக் கோடு, பக்கத்தில் என் 2⁴. பிறகு ஓரக்குறிப்புக்கு வந்தார். அதை வாய்விட்டுப் படித்தார்.

"ஆசிரியரின் கவனக்குறைவு."

"ஆமா சார்."

"சரிசெய்யப்பட்டது."

"ஆமா சார்."

"ரெண்டு கோடு வேற போட்டிருக்கீரே, ராஜையா. ஒண்ணு பத்தாதா?"

ரெம்யா தன்னிடம் கொடுத்ததை அப்படியே அடித்திருக்கிறாள், பிழை முழுக்க என்னுடையது என்று மட்டும் சொன்னேன். சார் கொஞ்சம் சிரித்தார், கொஞ்சம் கோபப்பட்டார். எது முதலில் வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"எழுதும், ஜெயகுமாரே," என்றார். "வாக்கியப்படி 65536. சரியான விடை."

"மத்த பத்துக் குட்டிகள்?"

"அவங்களும் தப்பு பண்ணல சார்," என்றாள் அஜிதா. "பேப்பர்ல போட்டிருந்ததுக்குத்தான எழுதியிருக்காங்க."

"ஒரே கேள்விக்கு ரெண்டு சரியுத்தரமா? ஆடிட்டுல என்ன சொல்றது?" ஜெயகுமார் என்னைப் பார்த்தார். என்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கவும் முடியாது. "நீரே எழுதும். உம்ம கையெழுத்துலதானே எல்லாம் தொடங்குச்சு."

எழுதினேன்: "பதினேழாம் கேள்வி, தமிழ் வினாத்தாள். வாக்கியத்தின்படி 65536 சரி. குறியீட்டின்படி 16 சரி. குறியீடு தவறு. தவறு மொழிபெயர்ப்பாளருடையது. மாணவி அஜிதா காப்பி அடிக்கவில்லை." கீழே பெயர், தேதி. ஜெயகுமார் முத்திரை குத்தினார். அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளைப் பார்ப்போம் என்று அதே மூச்சில் என்னிடம் சொன்னார். நியாயம்தான். புதிய ஆளுக்காவது வடை கொடுங்கள் என்றேன். குறித்துக்கொள்ளவில்லை.

அஜிதா காகிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு அப்பாவிடம் கொடுத்தாள். அவரும் படித்தார், மெதுவாக, உதடு அசைய. படித்து முடித்ததும் காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"சாரே, முகாமுக்குப் போர்வை கொண்டு வரணுமா?"

"திருவனந்தபுரத்துல போர்வையா?" என்றார் சுவாமிதாஸ் சார். "விசிறி கொண்டு வரச் சொல்லும்."